முட்டுக்கட்டை

காண்ட்ராக்டர் ராஜேந்திரன் மைக்கை இரண்டு தட்டு தட்டியதுமே யசோதா கூட்டத்தில் முன்னால் நகர்ந்து வந்தாள். சுதந்திர தினம். தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டை முழுக்கத் தோரணம். மேடையின் நடுவில் அவள் தம்பி தம்மபாலன் கடற்படை வெள்ளைச் சட்டையில், கழுத்தில் சாமந்தி மாலையோடு உட்கார்ந்திருந்தான். பேசுகிற பேச்சில் ஒரு சொல்கூட அவன் காதில் விழவில்லை.

போன டிசம்பர் யுத்தத்தில் அவன் விமானம் தாங்கிக் கப்பலில் இருந்தான். மேல்தளத்தில் நிற்கும் சண்டை விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பதும், கிளம்பும்போது அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதும் அவன் வேலை. எஞ்சின் அலறிக்கொண்டிருக்கும்போதே அடியில் குனிந்து போகவேண்டும். கொஞ்சம் பிசகினால் பின்னால் வரும் அனல் ஆளைக் கடலில் தள்ளிவிடும். குண்டோடு போன ஒரு விமானமும் யாரோ ஒருவன் கட்டையை எடுக்காமல் போகவில்லை. யுத்தம் ஜெயமானது, எஞ்சின் இரைச்சலில் அவன் காது இரண்டும் போனது. காது போனவனுக்குக் கப்பலில் என்ன வேலை? ஊருக்கு வந்துவிட்டான்.

அந்த இரைச்சலில் அங்கே யார் பேச்சும் யாருக்கும் கேட்காது, எல்லாம் கைதான். அந்தக் கைப்பேச்சை அக்காவுக்கும் கற்றுக்கொடுத்திருந்தான். இரண்டு கையையும் மூடி, கட்டைவிரலை வெளிப்பக்கம் காட்டி விலக்கினால் கட்டையை எடு என்று அர்த்தம். கட்டைவிரல்கள் ஒன்றையொன்று பார்த்து நெருங்கினால் கட்டையைப் போடு.

சுரங்கத்துக்குப் போகும் மரங்களை அடுக்கி வைக்கிற யார்டு ராஜேந்திரனுடையது. அங்கே போன மாதம் இருவரும் வேலை கேட்டுப் போய் நின்றார்கள்.

"செவிட்டுப் பயல வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? லாரி பின்னால வந்தா இவனுக்குக் கேக்குமா?"

"பிளேனுக்கு அடியில பூந்து வந்தவன் சார். அங்க எவனுக்குமே காது கேக்காது. கண்ணாலதான் வேல."

"அப்புறம் பாக்கலாம், போம்மா."

அந்த 'அப்புறம்', ராஜேந்திரன் நிற்கும் நகரசபைத் தேர்தல் நெருங்கியதும் வந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? மேடைக்கு வரச் சொல், நல்ல சேதி இருக்கிறது என்று ஆள் அனுப்பினார். காலையில் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டே தம்மபாலன், தன் குரல் தனக்கே கேட்காத சத்தத்தில் கத்தினான். "இன்னிக்கு கட்டைய எடுத்துடுவாருக்கா! வேல கெடைச்சிடும்!" தெருவே திரும்பிப் பார்த்தது.

இப்போது ராஜேந்திரன் முழங்கினார். "எதிரியின் துறைமுகத்தில் குண்டு மழை பொழிந்த நம்ம ஊர் விமானி! இந்த வீரனைப் பெற்ற மண்ணுக்கு உழைக்க எனக்கு ஒரு வாய்ப்பு தாருங்கள்!"

வேலையைப் பற்றி மூச்சு இல்லை. சனம் கைதட்டியது. தட்டுகிற கைகளைப் பார்த்து தம்மபாலனின் முகம் மலர்ந்தது. கூட்டத்தில் அக்காவைத் தேடிப் பிடித்து, இரண்டு கையையும் மூடி, கட்டைவிரலை வெளியே காட்டி, புருவத்தை உயர்த்தினான். எடுத்துவிட்டாரா?

நடந்ததற்கு யசோதா என்ன சைகை காட்டுவாள்? பொய்க்கு அந்தக் கப்பலில் சைகை கிடையாது. விறுவிறுவென்று மேடை ஏறி மைக்கைப் பிடுங்கினாள்.

"இவன் பிளேன் ஓட்டலய்யா! முட்டுக்கட்டைய எடுத்தவன் என் தம்பி. எடுத்து எடுத்தே காத தொலச்சவன். போட்டவன் நீ! மரம் அடுக்க ஆவாத செவிடன், உன் ஓட்டுக்கு மட்டும் ஆவானா?"

யாரோ மைக்கை அணைத்தார்கள். அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. தம்பியின் பக்கம் திரும்பி, கட்டைவிரல்களை ஒன்றுக்கொன்று எதிராக நெருக்கிக் காட்டினாள். போட்டுவிட்டான்.

தம்மபாலனின் முகம் செத்துப்போனது. எழுந்து ராஜேந்திரனிடம் போனான். பிறகு மாலையைக் கழற்றிச் சுருட்டி, குனிந்து, அவருடைய இரண்டு செருப்புக்கும் முன்னால் நெருக்கி வைத்தான். சரியாக உட்கார்ந்ததா என்று பழக்க தோஷத்தில் உள்ளங்கையால் ஒருமுறை தள்ளிப் பார்த்துக்கொண்டான்.

கீழே சிரிப்பு கிளம்பியது. அக்காவும் தம்பியும் படியிறங்கிப் போனார்கள். மாலையை மிதிக்கவும் முடியாமல், ஊர் பார்க்கத் தாண்டவும் முடியாமல் ராஜேந்திரன் அங்கேயே நின்றார்.