சராசரி பதினோரு நாள்

கோடை விடுமுறையில் பிள்ளைகள் தாங்கள் விரும்பிய பொருளைத் தாங்களே தேர்ந்து வீட்டிலிருந்தே ஆராயலாம் என்றும், எதுவாயினும் அதை முன்னறைத் தையற்கடையின் சுவரில் ஒட்டுவதாகவும் தையல்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். பூவும் பறவையுமாக ஏதேனும் வரைவார்கள் என்பது அவர் எண்ணம்.

இளைய மகள் பூனையின் தூக்கத்தைத் தேர்ந்தாள். மூன்றாம் நாள் தானும் அதனருகே உறங்கிப்போகவே ஆராய்ச்சி நின்றது. வாய்ப்பேச்சால் வீட்டில் ‘வக்கீல்’ என்று பெயர் வாங்கியிருந்த மூத்தவளோ, கடையின் ஆர்டர் புத்தகத்தோடு வெட்டுமேசைக்கு அடியில் புகுந்தாள். இரண்டு வாரங்கழித்துப் பெரிய தாளொன்று வெளிவந்தது. துணி தருவதாக அப்பா சொன்ன தேதிகள் நீலக் கோடாகவும், தந்த தேதிகள் சிவப்புக் கோடாகவும் ஓடின. இரண்டும் ஓரிடத்தில் மட்டும் சந்தித்தன. அடியில், “சராசரித் தாமதம்: பதினோரு நாள்” என்று எழுதி இருமுறை கோடிட்டிருந்தாள்.

“இதை உள்ரூம்ல ஒட்டலாமேம்மா,” என்றார் தையல்காரர்.

“கடைச் சுவர்னுதானேப்பா சொன்னீங்க.”

“ஒட்டிடுங்க,” என்று மனைவியின் குரல் உள்ளிருந்து வந்தது. “இந்த ஒரு வாக்கையாவது சொன்னபடி காப்பாத்துங்க.”

ஒட்டினார். மறுநாள் காலையில், நாற்பது பிள்ளைகளுக்குச் சீருடை தைக்க ஆள் தேடிப் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை வருவதாக இருந்தது. அது கைநழுவினால் ஆண்டு முழுவதும் கிழிசலும் பொத்தானுமாகவே காலந்தள்ள வேண்டும். ஆகவே விடிந்ததும் நீளமான அங்கி ஒன்றைத் தாளுக்கு முன்னால் மாட்டிவைத்தார்.

தலைமையாசிரியை உள்ளே வந்து அமர்ந்ததும் வக்கீல் அந்த அங்கியை எடுத்து வேறிடத்தில் மாட்டினாள்.

“மறைக்குதுப்பா.”

அந்த அம்மையார் கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் படித்தார். அதற்குள் தையல்காரர் தம் மேசையை இருமுறை அளந்துவிட்டார்.

“எத்தனை ஆர்டர் பார்த்தே?”

“நூத்து இருபது, டீச்சர்.”

“ஒண்ணே ஒண்ணுதான் சொன்ன நாள்ல போயிருக்கா?”

“ஆமா. ஆனா அவருக்குப் போனது வேற ஒருத்தரோட சட்டை.”

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

“மத்த ரெண்டு டெய்லரும் சொன்னா சொன்ன நாள்னு சத்தியம் பண்ணாங்க. அவங்க எத்தனை நாள் இழுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களுது தெரிஞ்சுபோச்சு. ஸ்கூல் பன்னிரண்டாம் தேதி திறக்குது. நீங்க ஒண்ணாம் தேதிக்குக் கொடுத்துடுங்க.”

இதைப் பாராட்டாகக் கொள்வதா, ஏச்சாகக் கொள்வதா என்று விளங்காமல் தையல்காரர் கும்பிட்டு வைத்தார். அந்த அம்மையார் வெளியே போனதும் நிமிர்ந்தார்.

“ஒண்ணாம் தேதியே கொடுத்துக் காட்டுறேன் பாரு.”

வக்கீலின் முகம் வாடியது. “அப்ப என் சராசரி கெட்டுடுமேப்பா.”

“நீ கவலைப்படாதே கண்ணு,” என்றாள் அம்மா. “கெடாது.”

தையல்காரர் அன்றே மெஷினில் அமர்ந்தார். சீருடைகள் பன்னிரண்டாம் தேதி காலை, மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தன. தாளில் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.