பச்சைக்குள் விழுந்த பட்டறை

எங்கள் பேரூராட்சியின் நிலத் திட்ட வரைபடத்தில் தம்பியின் பட்டறை பச்சை நிறத்துக்குள் விழுந்திருந்தது. பச்சை என்றால் விவசாயம் மட்டும். திட்டத்துக்கு முன்பே நடந்துவந்த தொழில் என்றால் தொடரலாம். ஆனால் ஒரு வருடம் மூடிக் கிடந்தால் அந்த உரிமை போய்விடும். இரண்டு வருடம் என்றிருந்ததை ஒன்றாகக் குறைக்கச் சொன்னவன் மன்றத் தலைவரான நான்தான். கண்டிப்பானவர் என்று ஊர் பேசியது. எனக்கும் அது பிடித்திருந்தது.

திட்டம் பேச்சில் இருந்தபோதே டீக்கடையில் ஒருவன், "தலைவர் தம்பி பட்டறைகிட்ட வந்தா மட்டும் கோடு வளைஞ்சு போகும் பாருங்க" என்றான். எங்கள் குடும்பத்தை யாரும் அப்படிப் பேசியதில்லை. அன்றே தம்பியிடம், "இது முடியற வரைக்கும் பட்டறையை மூடி வை" என்றேன். டிராக்டருக்கும் கலப்பைக்கும் வெல்டிங் வைத்துப் பிழைப்பவன், ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

"சரிண்ணே."

திட்டம் இழுத்துக்கொண்டே போனது. விதியை எழுதவைத்த எனக்கு, அந்த ஒரு வருடம் என் தம்பிக்கும் ஓடுகிறது என்று உறைக்கவில்லை.

பட்டறை தொடரலாமா என்ற விசாரணை நாளில் திட்ட அதிகாரி அவனைக் கேட்டார். "வருஷம் தாண்டிடுச்சே, ஏன் மூடினீங்க?"

தம்பி என் பக்கம் திரும்பவில்லை. "உடம்பு முடியல சார். முதுகு வலி."

"முதுகு வலியா? நேத்து என் வயல்ல டிராக்டர் சக்கரத்தை ஒத்தை ஆளா தூக்கி மாட்டினியேப்பா!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். அறையே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். "நான்தான் மூடச் சொன்னேன். அவன் மேல தப்பில்ல."

சிரிப்பு நின்றது. அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "யார் சொல்லி மூடினாங்கன்னு விதி கேக்கலையேங்க ஐயா. மூடியிருந்துச்சான்னுதான் கேக்குது."

அண்ணன் என்பதால் மன்ற வாக்கெடுப்பில் எனக்கு வாக்கு இல்லை. முடிவை வாசிப்பது மட்டும் தலைவர் வேலை. உரிமை இல்லை என்று வாசித்தேன்.

வாசலில் தம்பி என்னைக் கடிந்துகொண்டான். "எதுக்குண்ணே எல்லார் முன்னாடியும் சொன்னீங்க? உங்க பேராவது மிஞ்சியிருக்கும்." பிறகு, "வெல்டிங் மிஷினை வைக்க உங்க வீட்டு முன்னறைல இடம் இருக்குமா?" என்றான்.

"இருக்குடா" என்றேன். வைக்கத்தான் இடம். என் தெரு முழுக்க வரைபடத்தில் மஞ்சள், குடியிருப்பு மட்டும். அங்கே அதை ஓட்ட முடியாது என்பது அவனுக்கும் தெரியும்.