முடிச்சுப் போட்ட கயிறு

ஏரியின் மேல் படிந்திருந்த மூடுபனி இன்னும் கலையவில்லை. வெர்னா துறைப் பலகைகளின் மேல் மண்டியிட்டு, படகின் பின்னால் கட்டி ஆட்களை வைத்து இழுக்கும், இரவெல்லாம் நனைந்து கனத்துக் கிடந்த ரப்பர் டியூப்களை ஒவ்வொன்றாக இழுத்து விரித்தாள். எஃப்ரயின் காற்றடிக்கும் மோட்டாரை முடுக்கினான். அது அடிபட்ட நாயைப்போல் ஊளையிட்டது. சுருண்டு கிடந்த டியூப் நெளிந்து, புரண்டு, மெல்ல எழுந்தது. வெர்னா முழங்காலால் அதை அமுக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்று கைகாட்டினாள். காற்றுக் குறைந்த டியூப் தண்ணீருக்குள் அமிழ்ந்துகொண்டே வரும். அந்தப் பாரமெல்லாம் கயிற்றின் மேல்தான் விழும்.

டியூப் வேலை முடிந்ததும் கயிறுகளை எடுத்தாள். இரண்டு பேரை இழுக்க மெல்லிசு, நான்கு பேரை இழுக்கத் தடிப்பு. ஆட்டுக்குட்டி கட்டுகிற கயிற்றில் காளையைக் கட்ட முடியாதே! ஒவ்வொன்றையும் உள்ளங்கைக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். வெயில் தின்ற கயிறு விறைத்துக் கையைக் கீறும்.

"என்ன வெர்னா, காலங்காத்தால கயித்தக் கொஞ்சிக்கிட்டு இருக்க?" தோளில் ஆரஞ்சுக் கொடியைச் சாத்திக்கொண்டு ட்வைலா வந்தாள். படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, டியூபில் வருபவர்கள் மேல் கண் வைத்திருப்பது அவள் வேலை. யாராவது தண்ணீரில் விழுந்தால் கொடியைத் தூக்கிவிட்டு ஓட்டுநருக்குக் குரல் கொடுப்பாள்.

"எனக்கு வாய்ச்ச ரெண்டு புருஷனுங்களவிட இது நாணயமானதுடீ. அத்துக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி நூலு பிரிஞ்சு சொல்லிட்டுப் போகும்."

ட்வைலா சிரித்த சிரிப்பில் தூண்மேல் உட்கார்ந்திருந்த கொக்கு பறந்துபோயிற்று.

அன்று நூல் பிரிந்திருந்தது. தடித்த கயிற்றின் ஒரு முனையில், கையகல நீளத்துக்கு நார் நாராய். வெர்னா அதைத் தனியே எடுத்துப் போட்டாள். மற்றொரு தடித்த கயிறு ஏற்கெனவே இரண்டாவது படகோடு போய்விட்டது. புதுக் கயிறு வேண்டுமென்று வசந்த காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சீசன் முடியட்டும், பாக்கலாம்" என்பதே முதலாளி கிப் லேன்ஹமின் பதில்.

அமெரிக்கச் சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஓசார்க் மலைகளுக்குள் கிளை கிளையாய் விரிந்து கிடக்கும் அந்த ஏரிக்கு மிசௌரி முழுவதும் திரண்டு வரும் வாரம். வெயில் ஏறுவதற்குள் துறையில் வரிசை நின்றது. தடித்தடியான நான்கு ஆண்கள் பெரிய டியூபைக் கேட்டார்கள்.

"கயிறு இல்ல கிப்," என்றாள் வெர்னா.

கிப் கீழே கிடந்த கயிற்றைப் பார்த்தான். இடுப்புக் கத்தியை உருவி, பிரிந்த முனையை அறுத்து ஏரியில் எறிந்தான். மிச்சமிருந்த முனையை வளைத்து, ஒரு முரட்டு முடிச்சுப் போட்டு, காலால் மிதித்து இறுக்கினான்.

"இப்ப இருக்குல்ல? மாட்டு."

"முடிச்சுல அறுந்துபோகும் கிப். நாலு பேரு பாரம். ரெண்டு பேரா பிரிச்சு அனுப்பலாம்."

"வரிசையப் பாரு. நீ அவங்களப் பிரிச்சுக்கிட்டு இரு, அவங்க எதிர்த் துறைக்குப் போவாங்க. மாட்டுறியா, இல்ல வீட்டுக்குப் போறியா?"

வீடு! துறைக்குப் பின்னால், கிப்பின் நிலத்தில், கிப்பின் டிரெய்லர் வீடுகளில்தான் அவர்கள் எல்லோரும் குடியிருந்தார்கள். வெர்னா குனிந்து, டியூபின் முன்வளையத்தில் முடிச்சை மாட்டினாள்.

ஏரியின் வளைவில் ஓட்டுநர் ஆர்லோ படகைத் திருப்பியபோது டியூப் வெளிவாக்கில் வீசப்பட்டது. கயிறு வீணைத் தந்திபோல் விறைத்தது. அது அறுந்த சத்தம் கரைவரை கேட்டது. டியூபில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே தண்ணீரில் விழுந்தார்கள். அறுந்த கயிறு சாட்டையாய்த் திரும்பி வந்து, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்த ட்வைலாவின் முகத்தில் இறங்கியது.

ஹெலிகாப்டர் அவளை ஸ்பிரிங்ஃபீல்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று. அதன் காற்றில் பறந்த தூசி அடங்கும் முன்பே கிப், "எஃப்ரயின், படகக் கழுவிவிடு. அடுத்த ஆளுங்க நிக்கிறாங்க" என்றான். எஃப்ரயின் வாளியோடு படகில் இறங்கி, வெளியே முகம் காட்டாமல் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தான்.

ஏரிக் காவலர் வந்து விசாரித்தார். கயிறு கட்டியது யார் என்ற கேள்விக்குக் கிப் முந்திக்கொண்டான்.

"பாவம், அந்தப் பொண்ணேதான் கட்டிக்கிச்சு. அவசரக்காரி."

பக்கத்தில் வெர்னா நின்றிருந்தாள். காவலர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் வேலை முடிந்ததும் வெர்னா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ட்வைலாவின் முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. மீதிப் பாதி வீங்கிக் கறுத்திருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா, வெர்னா வந்ததும் எழுந்து வெளியே போனாள்.

"அந்த நாலு பேரும் நல்லா இருக்காங்களா?" இதுதான் ட்வைலா கேட்ட முதல் வார்த்தை.

"நல்லா இருக்காங்க."

"கண்ணு போச்சுன்னுட்டாங்க வெர்னா. இனிமே பாதி டிக்கெட்டுல சினிமா பாக்கலாம்." சிரிக்கப் போனவள் வலியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"கிப் எங்கம்மாவுக்குப் போன் பண்ணினான். முடிச்ச நான்தான் போட்டேன்னு சொன்னானாம். அதனால வைத்தியத்துக்குக் காசு ஒண்ணும் வராதாம். எனக்கு அன்னிக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் வரமாட்டேங்குது. காப்பி குடிச்சது வரைக்கும்தான் இருக்கு. நேத்துலேருந்து யோசிச்சுப் பாக்குறேன்... நானா போட்டேன் வெர்னா?"

கண்ணைப் பறித்தது போதாதென்று, கிப் பழியையும் அவள் மடியிலேயே கட்டிவிட்டிருக்கிறான். அவளும் அதை நம்பத் தொடங்கியிருக்கிறாள்!

"நீ போடல. கேட்டுக்க ட்வைலா, நீ அதத் தொடவே இல்ல. கிப் அறுத்தான், கிப் முடிச்சுப் போட்டான். மாட்டினது நான். போலீசு வந்தப்ப வாயத் தொறக்காம நின்னதும் நான்தான்."

ட்வைலாவின் கை போர்வைமேல் ஊர்ந்து வந்து வெர்னாவின் விரல்களைத் தொட்டது. மன்னிப்பா, வலியா என்று வெர்னாவுக்குத் தெரியவில்லை.

"நான் போடல இல்ல?" என்றாள் மறுபடியும். "அது போதும்."

வெர்னா அழுதுகொண்டே வண்டி ஓட்டி வந்தாள். டிரெய்லர்களுக்கு நடுவே ஆர்லோவும் எஃப்ரயினும் அவளுக்காகக் காத்து நின்றார்கள். ட்வைலா கேட்டதை வெர்னா சொன்னாள். ஆர்லோ, "ஸ்டீயரிங்கப் பிடிச்சிருந்தது நான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

சுதந்திர தினத்தன்று காலையிலேயே வரிசை வாகன நிறுத்தம்வரை நீண்டது. கொடிகள், குளிர்பெட்டிகள், சன்ஸ்கிரீன் வாசனை. கிப் மெல்லிசுக் கயிறு ஒன்றை வெர்னாவிடம் நீட்டினான்.

"பெரிய டியூபுக்கு இன்னிக்கு ரெண்டா மடிச்சுக் கட்டு. அப்புறம், இன்சூரன்ஸ் ஆளு வந்தா ட்வைலாதான் கட்டினான்னு சொல்லிடு. அவ எப்படியும் வேலைக்குத் திரும்பப் போறதில்ல. அவளுக்கு ஒண்ணும் கொறஞ்சுடாது."

"அவளுக்குக் கொறஞ்சதே போதும் கிப்." வெர்னா கயிற்றை வாங்கவில்லை. "உண்மையைத்தான் சொல்வேன். ஏரிக் காவலருக்கும் காலையிலயே போன் போட்டு அதச் சொல்லிட்டேன். இந்தக் கயித்துல யாரையும் இழுக்க மாட்டோம்."

"மாட்டோமா? உன்கூட இன்னும் யாரு?"

காற்றடிக்கும் மோட்டாரின் ஊளை சட்டென்று நின்றது. பாதி ஊதிய டியூப் புஸ்ஸென்று தளர்ந்தது. எஃப்ரயின் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வெர்னாவின் பக்கத்தில் நின்றான். ஆர்லோ படகின் சாவியைக் கழற்றிக் கிப்பின் காலடியில் வைத்தான்.

"நீயே ஓட்டு கிப். உன் பொண்டாட்டிய ட்வைலா எடத்துல உக்கார வச்சு ஓட்டு. அப்ப நான் நம்புறேன் உன் கயித்த."

கிப்பின் முகம் சிவந்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "நாம எல்லாம் ஒரே குடும்பம்டா. குளிர்காலத்துல யாரு உங்களுக்கு எடம் குடுத்தது?"

"குடும்பத்துல ஒருத்திக்குக் கண்ணு போச்சுன்னா, யாராவது படகக் கழுவச் சொல்லுவாங்களா?" என்றான் எஃப்ரயின். மூன்று கோடைகளாக முதலாளியிடம் அவன் 'சரி' என்பதற்கு மேல் பேசி யாரும் கேட்டதில்லை.

"அப்ப சாயந்தரத்துக்குள்ள டிரெய்லரக் காலி பண்ணுங்க. மூணு பேரும்!" கிப் போனை எடுத்தான். "ஆளா கெடைக்காது? எதிர்த் துறை என் மச்சானோடது. அர மணி நேரத்துல ஆள் வரும்."

மூவரும் துறையின் விளிம்பில், தண்ணீரின் மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். வரிசையில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு பெண் தன் குழந்தைகளின் மிதவைச் சட்டைகளைக் கழற்றி, பேசாமல் காருக்குக் கூட்டிப் போனாள். வெர்னா டிரெய்லர்களைத் திரும்பிப் பார்த்தாள். சாயங்காலம் எங்கே போவது? இந்தச் சீசனில் ஏரியைச் சுற்றி ஒரு கூரைகூடக் காலியிருக்காது. ஆர்லோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிர்க்கரையிலிருந்து படகு வந்தது. அதில் இரண்டு ஆண்களும், வெயிலில் முகம் தோலுரிந்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். கிப் கையசைத்துக்கொண்டு ஓடினான்.

"வாங்க வாங்க! அந்தப் பெரிய டியூபத் தயார் பண்ணுங்க."

அந்தப் பெண் இறங்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். "வியாழக்கெழம இங்கதான் ஒரு பொண்ணுக்கு அடிபட்டுச்சாமே. என்ன ஆச்சு?"

"ஒரு கண்ணு போச்சு," என்றாள் வெர்னா. "ட்வைலான்னு பேரு. பின்னால பாத்து உக்காருற வேலை. முதலாளி போட்ட முடிச்சு அறுந்துச்சு. பழிய அவ மேல போட்டிருக்காரு."

"எனக்கும் அதே வேலதான்."

அவள் தன் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தாள். மூத்தவன் எஞ்சினை அணைத்தான். கிப் கத்தத் தொடங்கினான். மச்சானிடம் சொல்லிவிடுவதாகவும், இந்த ஏரியில் எவனிடமும் அவர்களுக்கு வேலை கிடைக்காதபடி செய்துவிடுவதாகவும் கத்தினான். அவன் சொன்னதைச் செய்யக்கூடியவன்தான். அது அவர்களுக்கும் தெரியும்.

அந்தப் பெண் படகைத் தூணில் கட்டிவிட்டுப் பலகைமேல் ஏறி வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள்.

வெர்னா தள்ளி உட்கார்ந்தாள்.