ஸ்டாஃப் ரேட்

லிஃப்ட்காரருக்கு வந்த பொறாமை லேசுப்பட்ட பொறாமை இல்லை. வயிறு பற்றி எரிகிற பொறாமை. இத்தனைக்கும் அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணி வரைக்கும் மனுஷன் சந்தோஷமாகத்தான் இருந்தார். பதினாறு மாடிக் கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ரிப்பேர் செய்து, கிரீஸும் கறுப்புமாக இரண்டு வருஷம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த இரண்டு லட்சம் பையில் இருந்தது. டிக்கெட் போட்டாயிற்று, விசா வந்தாயிற்று. மனைவி, இரண்டு பிள்ளைகளோடு முதல்முதலாக வெளிநாடு, எட்டு நாள். அந்த ஊர் நோட்டு மாற்றுவது ஒன்றுதான் பாக்கி.

"என் பழைய ஆபீஸ்லயே மாத்திக்கலாங்க. தெரிஞ்சவங்க இருக்காங்க" என்றாள் மனைவி. வெளிநாட்டுப் பணம் மாற்றுகிற கவுன்ட்டரில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் அவள். இரண்டாவது குழந்தை பிறந்ததும், "ஒருத்தர் சம்பளம் போதும், விட்டுடு" என்று இவர் சொன்னார், விட்டுவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஆள் இவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான். இவர் வயசுதான் இருக்கும். தலையில் முடி வேறு நிறைய இருந்தது.

"ஏய், மெஷின் வந்திருக்கு பாருங்கப்பா" என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான். பின்னாலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்துக் கையாட்டின.

"யாரு மெஷின்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"நான்தாங்க. நோட்டு எண்ணுற மெஷின் ரிப்பேரானா என்னைத்தான் உக்கார வெப்பாங்க. அதான் அந்தப் பேரு."

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். கட்டின பெண்டாட்டிக்கு இப்படி ஒரு பேர் இருப்பது இன்றைக்குத்தான் தெரிகிறது, அதுவும் எவனோ ஒருத்தன் வாயிலிருந்து. லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது.

"டெசிமல் சார், இன்னமும் நாலு புள்ளி வரைக்கும் ரேட் சொல்லித்தான் உயிரை வாங்குறீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"மூணாக் குறைச்சிட்டேன். வயசாகுதுல்ல."

அவள் சிரித்தாள். எப்படிப்பட்ட சிரிப்பு என்கிறீர்கள். தலையைப் பின்னால் சாய்த்து, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. வீட்டில் அவள் சிரிக்காதவள் இல்லை, பிள்ளைகளோடு சிரிப்பாள், டிவி பார்த்துச் சிரிப்பாள். தன்னைப் பார்த்து இப்படி எப்போதாவது சிரித்திருக்கிறாளா என்று லிஃப்ட்காரர் யோசித்தார். ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சிரிப்புதான், அது அந்தக் கண்ணாடிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"போர்டு ரேட்டெல்லாம் உனக்கு எதுக்கு? ஸ்டாஃப் ரேட் போட்டுடறேன்" என்றான் டெசிமல்.

உனக்காம். நீ, வா, போ என்கிறான். "அவங்க வேலையை விட்டு நாலு வருஷமாச்சே" என்றார் லிஃப்ட்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மெஷினுக்கு என்னைக்கும் ஸ்டாஃப் ரேட்தான் சார்."

அவள் வாங்கிய கட்டைத் தானே எண்ணினாள். வெங்காயம் உரிக்கிற விரல், யூனிஃபார்ம் துவைக்கிற விரல், அது நோட்டின் மேல் ஓடுகிற ஓட்டத்தில் கண் நிற்கவில்லை. "சின்ன நோட்டா முப்பது சேர்த்துக் குடுங்க சார். இறங்கினதும் டாக்ஸிக்கு, தண்ணிக்கு வேணும்" என்று கேட்டு வாங்கினாள். இவர் அவள் விரலைப் பார்க்கவில்லை. அவள் விரலை டெசிமல் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அவன் பக்கக் கதவு வழியாக வந்து அவளிடம் தணிந்த குரலில் இரண்டு நிமிஷம் ஏதோ பேசினான். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னான்?"

"சும்மாதாங்க."

அந்தச் 'சும்மா' ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவரை விடவில்லை. எவனோ ஒருத்தன் தயவில் நான் என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றணுமா, அந்த ஊரில் ஐஸ்கிரீம் வாங்கினால்கூட அவன் மூஞ்சிதானே ஞாபகம் வரும் என்று மருகினார். திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் பீரோவிலிருந்து எடுத்து வந்த கட்டோடு வேறொரு பணம் மாற்றும் கடைக்குப் போய் நின்றார்.

"இதை வெச்சுக்கிட்டு இதே பணத்தை வேற நோட்டாக் குடுங்க."

கடைப் பெண் கட்டையும் பார்த்தாள், இவரையும் பார்த்தாள். "இதையே குடுத்துட்டு இதையே வாங்குறீங்களா சார்? எதுக்கு?"

"இந்த நோட்டு எனக்குப் பிடிக்கலை."

சுவரில் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு எண் எழுதியிருந்தது. ஒன்று நோட்டுக்கு, இன்னொன்று கார்டுக்கு என்று இவராக நினைத்துக்கொண்டார். சின்னதாகிப்போன சட்டையைக் கடையில் கொடுத்து வேறு சட்டை வாங்குகிற மாதிரிதானே இதுவும், மாற்றுவது மாற்றுவதுதானே. கடைசியில் இரண்டு ரசீது வந்தது. கைக்கு வந்த கட்டு இளைத்திருந்தது. தகராறு செய்தால் விஷயம் வெளியே வரும். குறைந்ததைச் சரிக்கட்ட, கம்பெனியில் முன்பணம் கேட்டு வாங்கிப் போட்டார். வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் பெட்டி அடுக்கும்போது மனைவி கட்டைக் கையில் எடுத்தாள். ஒரு தடவைதான் விரித்தாள்.

"சின்ன நோட்டு முப்பது எங்கங்க?"

"அதுக்குள்ளதான் இருக்கும்."

"இது அந்தக் கட்டே இல்லை. நான் எண்ணின கட்டு எனக்குத் தெரியாதா?"

லிஃப்ட்காரர் இரண்டு பொய் சொல்லிப் பார்த்தார், இரண்டுமே நிற்கவில்லை. கசங்கிய ரசீதுகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தாள், உதடு மட்டும் அசைந்தது. "நீங்க வித்தது அவன் வாங்குற ரேட்ல, அது கம்மி. திரும்ப வாங்கினது அவன் விக்கிற ரேட்ல, அது ஜாஸ்தி. கடைக்காரன் ரெண்டு பக்கமும் எடுத்துக்கிட்டான். பதினோராயிரத்து எண்ணூத்தி நாப்பது போச்சு" என்றாள்.

கம்பெனியில் முன்பணம் வாங்கி ஈடுகட்டியதையும் சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார்.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க? அவர் ஸ்டாஃப் ரேட் குடுத்ததுக்கா?"

"இல்லை" என்றார். "நீ சிரிச்சியே, அதுக்கு. எனக்குத் தாங்கலை. பொறாமை. போதுமா?"

அவள் கட்டைப் பெட்டி மேல் வைத்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அவரைப் பார்த்தா நான் சிரிச்சேன்? என்னை மெஷின்னு கூப்பிட்டாங்க, அதுக்குச் சிரிச்சேன். அங்க ஆறு வருஷம் நான் என்ன வேலை பார்த்தேன், எப்படிப் பார்த்தேன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டதுண்டா?"

கேட்டதில்லை. அது அவருக்கே தெரியும்.

"கதவுகிட்ட என்ன பேசினார்னு கேட்டீங்கல்ல. ஆள் பத்தலை, திரும்ப வந்துடுன்னு கூப்பிட்டார். எனக்கே இஷ்டமில்லைன்னு சொன்னேன். வீட்டுல விடமாட்டார்னு சொன்னா உங்களைத்தானே கேவலமா நினைப்பார்."

லிஃப்ட்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "சரி, விடு. இனிமே அதைப் பத்தி..."

"எப்படி விடுறது? முன்பணத்தை யாரு கட்டுறது? ஒருத்தர் சம்பளம் போதும்னீங்க. இனிமே போதாதுங்க."

சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். அவர் தடுக்கக் கை நீட்டினார். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு தடுப்பது, கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"டெசிமல் சார், நான்தான். அந்த வேலை இன்னும் இருக்கா? டூர் முடிஞ்சு வந்த மறுநாளே சேர்ந்துக்கிறேன்... இல்லை சார், எனக்கு இஷ்டமில்லைன்னுதான் இருந்தேன். எங்க வீட்டுக்காரர்தான், போய்ச் சேரு, உன்னை மாதிரி ஆளு வீட்டுல உக்காரலாமான்னு பிடிவாதமா நிக்கிறார்." அவள் இவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். பார்வையில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ சொன்னான் போல, தலையைப் பின்னால் சாய்த்து, தோள் குலுங்கச் சிரித்தாள். எட்டடி தூரத்தில் நின்று லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார்.

"உங்ககிட்டப் பேசணுமாம்" என்று நீட்டினாள்.

அவர் வாங்கிக் காதில் வைத்தார்.

"சார், பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றான் டெசிமல். "எங்க ஆபீஸ்ல எத்தனையோ பொண்ணுங்க வேலையை விட்டுட்டுப் போயிருக்காங்க, ஒரு வீட்டுக்காரரும் திருப்பி அனுப்பினதில்லை. காலையில எட்டரைக்கு ஷிஃப்ட். பிள்ளைங்களை ஸ்கூல்ல விடுறதுக்கு ஆள் இருக்கா?"

மனைவி பெட்டியில் பிள்ளைகளின் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் விட்டுக்கிறேன்" என்றார் லிஃப்ட்காரர்.