ஐந்தாம் மொழிக்கு நாற்பது விநாடி

1

இது முழுக்கக் கற்பனை என்று சொல்லத்தான் ஆசை. இல்லை. தொடர்கதை எழுத வருமுன் அரசுத் தொலைக்காட்சியில் பதினோரு வருடம் ஸ்டாப்வாட்ச் பிடித்தவன் நான். மதியச் செய்தி ஆறு மொழிகளில் வரிசையாகப் போகும், உள்நாட்டுக்கும் கடல் கடந்தவர்களுக்கும். மேலிடத்தில் யாருக்கும் ஆறு மொழியும் தெரியாது. அதனால் ஒரு செய்தி முதல் மொழியில் நாற்பது விநாடி என்றால் மற்ற ஐந்திலும் நாற்பது. கூடினால், யாரோ எதையோ நுழைக்கிறார்கள். அதற்காக என் கைக்கடியில் ஒரு பொத்தான். அமுக்கினால் திரையில் பூந்தோட்டம், புல்லாங்குழல்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஸ்டுடியோ கதவுக்குப் பின்னால், துப்பாக்கியுடன் ஓர் உருவம்'

[அடித்துவிட்டேன். அங்கே ஆளை மிரட்ட ஒரு தாள் போதும்.]

அன்றைய தாள்: 'சுரங்கப்பாதையில் சிக்கிய ஒன்பது தொழிலாளர்களும் மீட்கப்பட்டு மருத்துவமனையில் நலமாக உள்ளனர்.'

ஐந்தாம் மொழி வாசிப்பவள் அந்தத் தாளோடு என்னிடம் வந்தாள். ஒன்பது பேரும் அவள் மொழிக்காரர்கள். ஒருவன் அவள் தம்பி.

"அண்ணே, அம்மா அங்கிருந்து போன் பண்ணாங்க. இன்னும் ஒருத்தரையும் வெளிய எடுக்கல."

"செய்தி ஆசிரியர்கிட்ட சொல்லு."

"சொன்னேன். உங்கம்மா என்ன நம்ம நிருபராங்கறாரு."

"சரி, வாசிச்சுட்டுப் போயேன்."

"தோண்டுற மிஷினை வேற வேலைக்கு எடுத்துட்டுப் போகப் பாக்குறாங்கண்ணே. வீட்டு ஆளுங்க எல்லாம் அது முன்னாடி உக்காந்திருக்காங்க. அங்க டீவி ஓடுது. நான் இதை வாசிச்சா எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிடுவாங்க."

நான் ஸ்டாப்வாட்சை எடுத்துத் துடைத்தேன்.

"நாப்பது விநாடியில முடிச்சுடறேன். உங்களுக்குத்தான் எங்க பாஷை தெரியாதே. தெரியாமலே இருங்க."

[எனக்குத் தெரியும். என் மனைவியின் மொழி. ஆசிரியரைப் பற்றி இவள் லிஃப்ட்டில் தன் மொழியில் அடித்த நக்கலுக்குச் சிரித்து, இவளிடம் மாட்டிக்கொண்டவன் நான்.]

3

'அவள் கைகள் நடுங்கின' என்று எழுதிப் பார்த்தேன். பொய். உதட்டுச்சாயத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். இப்படி ஒருத்தியை வாசகர் நம்புவாரா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆசிரியர் வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "கவனிப்பா. அந்தப் பொண்ணு மூஞ்சி சரியில்ல."

ஒளிபரப்பு விளக்கு எரிந்தது. அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"வணக்கம். சுரங்கப்பாதையிலிருந்து இதுவரை"

"தாளைக் கவுத்துட்டாளே," என்றார் ஆசிரியர். "என்ன சொல்றா?"

4

முடிவு அ: "தாள்ல இருக்கறதுதான் சார்," என்கிறேன். அவள் வாசித்து முடிக்கிறாள். மிஷின் அங்கேயே நிற்கிறது, இரவுக்குள் ஒன்பது பேரும்

முடிவு ஆ: மின்சாரம் போய்விடுகிறது. [வாரப் பத்திரிகைப் புத்தி.]

முடிவு இ: ஆசிரியரே எட்டிப் பொத்தானை அமுக்குகிறார். ரொம்ப நாள் எனக்குப் பிடித்திருந்தது இதுதான்.

மூன்றிலும் நான் பொத்தானைத் தொடவில்லை. கவனித்திருப்பீர்கள்.

நாலாவதை நீங்கள் எழுதுங்கள். அவளைக் காப்பாற்றுங்கள், என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் நடந்ததில் சிலவற்றை மாற்றாதீர்கள். பூந்தோட்டம் ஐந்து நிமிடம் ஓடியது. பிறகு அவள் நாற்காலியில் மாற்று ஆள். தாளில் இருந்தது இருந்தபடி, சரியாக நாற்பது விநாடி. மூன்று மணிக்கு மிஷின் லாரியில் ஏறியது. அந்நேரம் அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில், ஒவ்வொரு வார்டு வாசலிலும் நின்று, மகனுடைய பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.