ரிப்போட்டில் இல்லாத இடம்

இரண்டாம் தவணை ரிப்போட்டைப் பேர்ணடெற் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். கணக்குக்கு D, தமிழுக்கு D, விஞ்ஞானத்துக்கு D, சங்கீதத்துக்குக்கூட ஒரு C. D என்றால் அதிவிசேட சித்தி, C என்றால் திறமைச் சித்தி; எல்லாம் நல்ல எழுத்துகள்தான். ஆனால் வகுப்பின் முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் தன் மகள் ஐறீன் எத்தனையாம் பிள்ளை என்பதை மட்டும் எங்கேயும் காணவில்லை.

ஓ.எல். பொதுச் சோதனையில் எழுத்துத்தான் வரும், எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இப்போதே பழகட்டும், இனிப் புள்ளியும் இடமும் வேண்டாம் என்று புது அதிபர் கூட்டம் வைத்துச் சொன்னபோது பேர்ணடெற்றும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். தன் நேர்த்திக்கடன் அப்போது நினைவுக்கு வரவில்லை.

மகள் முதல் பத்துக்குள் வந்தால் பதின்மூன்று செவ்வாய் வெறுங்காலோடு கொழும்பு கொச்சிக்கடைக் கோயிலுக்கு நடந்து வருவதாக அந்தோனியாரிடம் வேண்டியிருந்தாள். ஆறாம் ஆண்டில் ஐறீன் ஒன்பதாம் பிள்ளையாக வந்தாள், தாயும் நடந்தாள். நாலாம் செவ்வாய் செக்பொயின்றில் மறித்தார்கள். சண்டைக் காலம்; அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பொலிஸ் நிலையத்து வாங்கில் இருத்தி வைத்தவளைப் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் கணவன் கிளறன்ஸ் மீட்டு வந்தான். வேறொருத்தியென்றால் அதோடு விட்டிருப்பாள். இவள் மிச்ச ஒன்பது செவ்வாயும் நடந்து முடித்து, அடுத்த தவணைக்கும் அதே நேர்த்தியை வைத்தாள்.

அதற்குப் பிறகு ஐறீன் பத்துக்குள் வரவேயில்லை. பதினோராம் பிள்ளை, பன்னிரண்டு, மறுபடியும் பதினொன்று. பேர்ணடெற் திட்டாத திட்டில்லை. இப்போது இடமே இல்லாத ரிப்போட் வந்திருக்கிறது. அந்தோனியாருக்கு என்ன பதில் சொல்வது?

மறுநாளே வகுப்பாசிரியை றஞ்சிதத்தைத் தேடிப் போனாள்.

"எத்தினையாம் பிள்ளையெண்டு மட்டும் சொல்லுங்கோ ரீச்சர். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"உங்களோட சேத்து ஏழு தாய்மார் இதையே கேட்டு வந்திட்டினம்" என்று றஞ்சிதம் சிரித்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து போன தவணைக் கணக்குத்தாளை எடுத்து நீட்டினாள். "இதைப் பாருங்கோ. கடைசி ரெண்டு கணக்கும் சரியாச் செய்துபோட்டு, தானே குறுக்கால வெட்டி வைச்சிருக்கிறா. ஏனெண்டு கேட்டால் வாய் திறக்கமாட்டா. இந்த முறை ஒண்டையும் வெட்டேல்லை. பழைய மாதிரி இடம் போட்டிருந்தால் மூண்டாம் பிள்ளை."

பேர்ணடெற்றுக்குப் பெருமை தலைக்கேறியது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளைக் கூப்பிட்டாள்.

"மூண்டாம் பிள்ளையாமே நீ? போன முறை ஏன் எழுதினதை வெட்டினனி?"

ஐறீனின் முகம் வெளிறிவிட்டது. "ரீச்சர் சொல்லிப்போட்டாவோ? இடம் போடமாட்டினம் எண்டுதானே நான் முழுக்க எழுதினனான்."

"போட்டால் என்ன?"

"நீங்கள் திரும்பவும் செவ்வாய்க்கிழமைகளில நடப்பீங்கள். அண்டைக்கு மாதிரிப் பிடிச்சு வைச்சிருப்பாங்கள்."

பேர்ணடெற் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. சரியான விடையை எழுதி, எழுதிய கையாலேயே வெட்டி, பதினோராம் இடத்துக்குத் தன்னைத் தானே இறக்கி, அதற்குத் தாயிடம் வசவும் வாங்கியிருக்கிறது. ஒரு நாள்கூட வாய் திறக்கவில்லை. தான் திட்டியதெல்லாம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. மகளை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள். மடிக்குப் பெரிய பிள்ளைதான், இருந்தாலும் இருத்தினாள்.

"அப்ப போவீங்களோ அம்மா?"

பேர்ணடெற் ரிப்போட்டை எடுத்து இன்னொரு முறை கவனமாகப் பார்த்தாள். அந்தோனியாரிடம் இதுவரை ஒரு பொய்கூடச் சொல்லாதவள் அவள்.

"எங்க போறது? இதில எத்தினையாம் பிள்ளையெண்டு ஒண்டும் போடேல்லையே" என்றாள்.