தூணோடு கட்டிய சுவர்

“நீ கை வைக்காம இருந்திருந்தா என் வீடு நின்னிருக்கும்டா.”

“அசையவே கூடாதுன்னு சொன்னது யாரு? நீதானே அக்கா?”

புயல் ஓய்ந்த காலையில் தையல்காரியும் அவள் தம்பி கொத்தனாரும் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது. காதில் விழாதவர்களும் ஏதோ வேலை இருப்பதுபோல் அந்தப் பக்கம் வந்து போனார்கள்.

அந்தக் கரையில் எல்லா வீடும் தூண் மேல்தான். கீழே வெற்றிடம்; கடல் பொங்கினால் தண்ணீர் அடியில் புகுந்து மறுபக்கம் போய்விடும். தையல்காரிக்கு அந்த வெற்றிடம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. புருஷன் செத்தபின் அவளுக்கென்று இருந்தவை வீடும் மிஷினும்தான். கீழே கடை போட்டால் படியேற அலுத்துக்கொள்ளும் பெண்களும் வருவார்கள் என்று தம்பியைக் கூப்பிட்டாள். அவன் பாசத்தில் தூணைக் கொத்தி, கம்பி செருகி, செங்கல் சுவரைத் தூணோடு சேர்த்தே கட்டினான். யானை முட்டினாலும் அசையாதென்று தெருவெல்லாம் பீற்றல் வேறு.

பக்கத்து வீட்டுக் கருமியோ தன் வீட்டடியை மறைக்க மெல்லிய பலகைகளை நாலு ஆணியில் நிறுத்தியிருந்தார். “தும்மினா விழுந்துடும் சித்தப்பா” என்றான் கொத்தனார். அவளும் சிரித்தாள்.

ஊரே பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தபோது அலை வந்தது. கருமியின் பலகைகள் முதல் அடியிலேயே பிய்த்துக்கொண்டு போயின, தண்ணீரும் அவற்றின் பின்னாலேயே போனது, வீடு நின்றது. தையல்காரியின் சுவர் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. உடையாமல் அத்தனை அலையையும் நெஞ்சில் வாங்கி, சாயும்போது தூண்களையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. ஒரே துண்டாக மணலில் கிடந்த அதன் மேல்தான் அவள் இப்போது உட்கார்ந்திருந்தாள்.

“அவர் மாதிரி பலகை அடிச்சுக் குடுத்திருந்தா திட்டியிருப்பே.”

“திட்டியிருப்பேன். மேல என் வீட்டுல உக்காந்து திட்டியிருப்பேன்.”

கருமி மெல்ல வந்து மிஷின் சக்கரத்தை அவள் பக்கத்தில் வைத்தார். “இதுதாம்மா கெடச்சுது.” சொல்லிவிட்டுத் தன் படியேறிப் போனார்.

வீடு விழுந்த மனைகளில் இனி யாரும் கட்டக் கூடாது, நின்ற வீடுகள் இருக்கலாம் என்று உத்தரவு வந்தது. சுவரை உடைக்க வந்தவர்கள் சம்மட்டிப் பிடி முறிந்ததும் அப்படியே விட்டுப் போனார்கள்.

தம்பி வெளியூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மாமனார் வீட்டோடு போய்விட்டான். கல்யாணப் பத்திரிகையில் அக்காவின் பெயர் இருந்தது, பந்தலில் அக்கா இல்லை. அவள் தூரத்து நகரத்தில், யாருடைய மிஷினிலோ, நாளெல்லாம் சட்டைக் காலர் மட்டும் தைக்கிறாளாம்.